1.65 வோல்ட் - ஒரு ஸ்டிக்கரின் கதை

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பா வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பழைய பொட்டியை இறக்கினோம். 2009-ல கல்யாண வீடியோ எடிட் பண்றதுக்காக அவர் வாங்கினது. உள்ளே கோர் ஐ7-920 பிராசசர், எக்ஸ்58 மதர்போர்டு, மூணு ரேம். அந்தக் காலத்துல தெருவே வந்து வேடிக்கை பார்த்துட்டுப் போன பொட்டி. இப்ப ஆன் பண்ணினா பீப் பீப்னு கத்திட்டு நின்னுடுது. ஒவ்வொண்ணா கழட்டி மாட்டிப் பார்த்ததுல மூணு ரேம்ல ரெண்டு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுது. மிச்சம் ஒரே ஒரு ஜிபி. அதை வச்சு விண்டோஸ் திறக்கறதுக்குள்ள ஒரு காபி குடிச்சுட்டு வந்துடலாம்.

நான் பொட்டி தட்டுற வேலையில இருக்கேனே தவிர, பொட்டிக்குள்ள கைவிட்ட அனுபவம் கம்மிதான். இருந்தாலும் சித்தப்பா முன்னாடி கெத்தை விட முடியுமா? கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் எப்பவோ குடுத்த ரெண்டு பழைய ரேம் பையில கெடந்தது. டிடிஆர்3, 1800, மேல தகதகன்னு அலுமினியக் கவசம். ஸ்லாட்ல வச்சு அழுத்தப் போறேன், பின்னாடியிருந்து குரல்.

"டேய், அந்த ஸ்டிக்கரைப் படிச்சியா?"

அப்பதான் கவனிச்சேன். மதர்போர்டு வாங்கினப்ப ரேம் ஸ்லாட் மேல ஒட்டியிருந்த எச்சரிக்கை ஸ்டிக்கரை சித்தப்பா பத்திரமா கேபினெட் கதவோட உள்பக்கம் ஒட்டி வச்சிருக்காரு. 1.65 வோல்டுக்கு மேல போற ரேமைப் போட்டா பிராசசர் நிரந்தரமா கெட்டுப்போகலாம், இது இன்டெலோட கணக்கு - இதான் அதோட சாராம்சம். கையில இருந்த ரேமைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள்ல கொட்டை எழுத்துல 2.0 வோல்ட்!

ரெண்டும் டிடிஆர்3. ஸ்லாட்டும் பொருந்துது, பள்ளமும் பொருந்துது. ஆனா ஒண்ணு 2.0 கேட்குது, இன்னொண்ணு 1.65-க்கு மேல குடுத்தா உயிருக்கு நான் பொறுப்பில்லைங்குது. ஒரே பேர் வச்ச ரெண்டு சாமானுக்குள்ள இப்படி ஒரு சண்டை எப்படி வந்துச்சு? அன்னிக்கு ராத்திரி தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

முதல்ல ரேமுக்கு வோல்டேஜ் எதுக்குன்னு பார்த்துடுவோம். (தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிடுங்க, கோச்சுக்க மாட்டேன்.)

ரேம் சிப்புக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கி, அதுக்குக் காவலுக்கு ஒரு டிரான்சிஸ்டர். தேக்கியில சார்ஜ் இருக்கா இல்லையாங்கறதுதான் 1-ம் 0-வும். அது ஒரு ஓட்டைக் குடம். சார்ஜ் கசிஞ்சுகிட்டே இருக்கும். அதனால வழக்கமா 64 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு தடவை எல்லா குடத்தையும் படிச்சு மறுபடி நிரப்பணும். இந்த ஒரு டிரான்சிஸ்டர் - ஒரு தேக்கி யோசனை ஐபிஎம்ல வேலை பார்த்த ராபர்ட் டென்னார்டோடது. 1968-ல இதுக்கு அமெரிக்காவில காப்புரிமை கிடைச்சுது. வோல்டேஜை ஏத்தினா குடம் நல்லா நிறையும், டிரான்சிஸ்டர் சுறுசுறுப்பா திறந்து மூடும், வேகம் கூடும். அப்ப ஏத்திக்கிட்டே போகலாமே? அங்கதான் இடிக்குது.

டிரான்சிஸ்டரோட கதவுக்கு அடியில சில நானோமீட்டர் கனத்துல ஒரு ஆக்சைடு படலம் இருக்கு. அது தாங்குற அளவுக்கு மேல வோல்டேஜ் போனா ஒண்ணு உடனே ஓட்டை விழும், இல்லேன்னா கொஞ்சம் கொஞ்சமா நைஞ்சு ஒருநாள் விழும். சூடு வேற. மின்செலவு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்தபடி ஏறும். 1.5 வோல்டுல ஓட வேண்டியதை 2.0-ல ஓட்டினா அதே வேகத்துக்கே கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுதல் செலவு. இதே டென்னார்டும் அவர் சகாக்களும் 1974-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினா வோல்டேஜையும் அதே விகிதத்துல குறைக்கணும், அப்பதான் உள்ளே இருக்கிற மின்புலம் அப்படியே இருக்கும்னு. ரேமைக் கண்டுபிடிச்ச மனுஷனே அதோட வோல்டேஜ் ஏன் இறங்கிக்கிட்டே போகணும்னும் சொல்லிட்டாரு. அவர் 2024-ல காலமானார். அந்தக் கட்டுரை போட்ட பாதையிலதான் ரொம்ப வருஷத்துக்கு மொத்த சிப் தொழிலும் நடந்துச்சு.

நிற்க. இனி வரலாறு.

1970-ல இன்டெல் 1103-னு ஒரு ரேம் சிப் வந்துச்சு. 1024 பிட். அதுக்கு 16 வோல்ட் சப்ளை, அதுக்கும் மேல மூணு நாலு வோல்ட் கூடுதலா இன்னொரு இணைப்பு. அடுத்து 1976-ல மோஸ்டெக் கொண்டுவந்த 4116. இது 16 கிலோபிட். இதுக்கு +12, +5, -5 அப்படின்னு மூணு விதமான வோல்டேஜ் வேணும். 1981-ல வந்த முதல் ஐபிஎம் பிசியோட மதர்போர்டுல இருந்தது இந்த வகை சிப்தான். இதுல -5 ரொம்ப முக்கியம். அது இல்லாம +12 மட்டும் போனா சிப் சூடாகிப் போய்ச் சேர்ந்துடும். 1982-ல வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் பல பேர் வீட்ல இப்படித்தான் செத்துச்சு. உள்ளே இருந்த குட்டி மாற்றி சுற்று படுத்தா -5 காணாமப் போகும், கூடவே ரேமும் போகும். இன்னிக்கும் ஸ்பெக்ட்ரம் பழுதுபார்க்கிறவங்க முதல்ல மீட்டர் வச்சுப் பார்க்கிறது அங்கதான். (கொசுறு: பழைய எஸ்எம்பிஎஸ்ல ஒரு வெள்ளை ஒயர் வருமே, அது இந்த -5 வோல்ட்தான். அதைக் கேட்கிற ரேம் எல்லாம் ஒழிஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சும், 2003 வாக்குல விதிமுறையில இருந்து எடுக்கிற வரைக்கும் சும்மா வந்துகிட்டிருந்துச்சு.)

அப்புறம் வந்தது 4164. 64 கிலோபிட், ஒரே ஒரு 5 வோல்ட் போதும். எல்லாருக்கும் கொண்டாட்டம். ஆனா ஒரு சூட்சுமம். 4116-க்கும் 16 கால், 4164-க்கும் 16 கால். சாக்கெட் ஒண்ணேதான், அழுத்தினா அழகா உள்ளே போகும். பழைய சாக்கெட்டோட எட்டாவது கால்ல +12 வரும். புது சிப் அதே எட்டாவது கால்ல எதிர்பார்க்கிறது +5. 'பெரிய ரேம் வாங்கிட்டேன், மாத்தி மாட்டிக்கறேன்'னு ஆர்வத்துல மாட்டினா, ஸ்விட்சைப் போட்ட உடனே மொத்தமும் கோவிந்தா. அந்த போர்டுல கம்பிகளை வெட்டி ஒட்டி மாத்தினாதான் உண்டு. சித்தப்பா பொட்டியில நான் பண்ணப் பார்த்த அதே வேலை. பொருந்துதேன்னு மாட்டறது.

இந்த மாதிரி விபத்தைத் தடுக்கத்தான் பள்ளம் வந்துச்சு. 90-கள்ல சிப் சிப்பா மாட்டற வழக்கம் போயி, நீளமான பட்டையா ரேம் வர ஆரம்பிச்சிருந்தது. 168 கால் எஸ்டிரேம் பட்டைகளை எடுத்துப் பார்த்தீங்கன்னா அடியில ரெண்டு வெட்டு இருக்கும். ஒரு வெட்டோட இடம் அது எந்த ரகம்னு சொல்லும். இன்னொரு வெட்டோட இடம் அதோட வோல்டேஜைச் சொல்லும், 5-ஆ 3.3-ஆன்னு. ஸ்லாட்ல அதுக்கேத்த மேடு. தப்பான வோல்டேஜ் பட்டை உள்ளேயே போகாது. படிக்கத் தெரியாதவன் கைக்கும் புரியற எச்சரிக்கை. இதைவிட நல்ல பொறியியல் எனக்குத் தெரிஞ்சு கம்மி.

அதுக்கப்புறம் ஜெடெக் அமைப்பு போட்ட படிக்கட்டு ஒவ்வொண்ணா இறங்குச்சு. 2000-ல டிடிஆர், 2.5 வோல்ட். 2003-ல டிடிஆர்2, 1.8. 2007-ல டிடிஆர்3, 1.5. 2012-ல டிடிஆர்4, 1.2. 2020-ல டிடிஆர்5, 1.1. ஒவ்வொரு தலைமுறைக்கும் பள்ளத்தோட இடம் மாறுச்சு. டிடிஆர்2-க்கும் டிடிஆர்3-க்கும் கால் எண்ணிக்கை ஒண்ணேதான், 240. ஆனாலும் பள்ளம் தள்ளி இருக்கிறதால மாத்தி மாட்ட முடியாது.

அப்ப பிரச்சனை தீர்ந்துச்சுதானே? தீரலை. பள்ளம் தலைமுறைக்கும் தலைமுறைக்கும் நடுவுலதான் காவல் நிக்கும். ஒரே தலைமுறைக்குள்ள நடக்கிற தில்லுமுல்லு அதுக்குத் தெரியாது.

அதென்ன தில்லுமுல்லு? ஜெடெக் 2.5 வோல்ட்னு சொன்ன டிடிஆர் காலத்துலயே வேக வெறியர்கள் கூட்டம் ஒண்ணு கிளம்பிடுச்சு. வின்பாண்ட் கம்பெனியோட பிஎச்-5-னு ஒரு சிப். 3.3 வோல்ட், அதுக்கும் மேல குடுத்தாலும் தாங்கும். தாங்குறதோட நிக்காம குடுக்கக் குடுக்க வேகம் ஏறும். மதர்போர்டு குடுக்கிற வோல்டேஜ் பத்தலைன்னு 2004-ல ஓசிஇசட் கம்பெனி ஒரு தனி அட்டையே வித்துச்சு. காலியா இருக்கிற ரேம் ஸ்லாட்ல அதைச் செருகினா, பக்கத்து ஸ்லாட் எல்லாத்துக்கும் வோல்டேஜை ஏத்திக் குடுக்கும். 2005-ல டிஎஃப்ஐ கம்பெனியோட லான்பார்ட்டி என்எஃப்4 போர்டுல ஒரு ஜம்பரை மாத்திப் போட்டா, பயாஸ்ல ரேமுக்கு 4.0 வோல்ட் வரைக்கும் வைக்கலாம். 2.5 சாப்பிட வேண்டிய ஆளுக்கு 4.0!

இதெல்லாம் விளையாட்டா இருந்த வரைக்கும் பரவாயில்லை. பொருள் கருகினா கருக்கினவன் பொறுப்பு. ஆனா சீக்கிரமே இது வியாபாரம் ஆயிடுச்சு. ரேம் கம்பெனிகள் நல்லா ஏறுற சிப்பைப் பொறுக்கி எடுத்து, கவசம் போட்டு, 'இந்த வேகம், இந்த வோல்டேஜ்'னு லேபிள் ஒட்டி, கூடுதல் விலைக்கு விக்க ஆரம்பிச்சாங்க. டிடிஆர்2-க்கு ஜெடெக் சொன்னது 1.8, வேகமான ரகங்கள்ல லேபிள் சொன்னது 2.1, 2.2. 2007-ல டிடிஆர்3 வந்தப்ப நிலைமை இன்னும் மோசம். விலையோ பல மடங்கு. வேகமோ, நல்ல டிடிஆர்2 பக்கத்துல வச்சுப் பார்த்தா பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியலை. அப்ப எப்படி விக்கிறது? 1600, 1800-னு பெரிய நம்பரைக் காட்டணும். அன்னிக்கு இருந்த சிப்புகளை அந்த வேகத்துக்கு ஓட்ட 1.8, 1.9, 2.0 வோல்ட் வேணும். சரி, குடு!

ஆக, ஜெடெக் படிக்கட்டு கீழே இறங்க இறங்க, கடையில கிடைக்கிற லேபிள் ஒரு படி மேலயே நின்னுச்சு. பள்ளம் மட்டும் ஒரே இடத்துல. நண்பர் குடுத்த ரேம் இந்த வகையறாதான்.

இதுவரைக்கும் யாரும் பெருசா அலட்டிக்கலை. ஏன்னா அப்ப இன்டெல் பொட்டிகள்ல ரேமோட நேருக்கு நேர் பேசறது பிராசசர் இல்லை. நடுவுல நார்த் பிரிட்ஜ்னு ஒரு சிப் மதர்போர்டுல உட்கார்ந்திருக்கும். ரேம்கிட்ட கொடுக்கல் வாங்கல் எல்லாம் அது வழியாத்தான். அந்த சிப்பை இன்டெல் வழக்கமா பழைய தலைமுறை தொழில்நுட்பத்துல பண்ணும். எக்ஸ்48-ஐ எடுத்துக்கிட்டா 90 நானோமீட்டர், அதே காலத்து பிராசசர் 45 நானோமீட்டர். பெரிய டிரான்சிஸ்டர், தடிச்ச தோல். 2.0 வோல்டை அது ஒருமாதிரி தாங்கிக்கிட்டுது. தாங்காம செத்தாலும் போறது மதர்போர்டு, பிராசசர் தப்பிச்சுடும்.

2008 நவம்பர்ல நெஹேலம் வந்துச்சு. அதான் முதல் கோர் ஐ7. ஏஎம்டி 2003-லயே பண்ணிட்ட வேலையை இன்டெல் அப்பதான் பண்ணுச்சு. ரேமைக் கட்டுப்படுத்துற பகுதியை நார்த் பிரிட்ஜ்ல இருந்து பிடுங்கி பிராசசருக்குள்ளயே வச்சுடுச்சு. வேகத்துக்கு ரொம்ப நல்லது, நடுவுல தரகர் இல்லை. ரேமும் மூணு தடத்துல ஓடலாம். சித்தப்பா பொட்டியில மூணு ரேம் இருந்ததோட காரணம் இதான்.

ஆனா தரகர் போனதும் அடி நேரா வீட்டுக்காரன் மேல விழுந்துச்சு. ரேம் ஒரு பிட்டை அனுப்பும்போது அந்தக் கம்பி ரேமோட வோல்டேஜை ஒட்டியே துள்ளும். ரேமுக்கு 2.0 குடுத்தா, அந்தத் துள்ளல் போய் மோதுறது பிராசசரோட வாசல்ல நிக்கிற டிரான்சிஸ்டர்கள் மேல. அதெல்லாம் இப்ப 45 நானோமீட்டர் சிப்போட ஒரு பகுதி. அந்தப் பகுதிக்குன்னு ஒரு தனி வோல்டேஜ் உண்டு, சுமாரா 1.15-ல இருந்து 1.2 வரைக்கும். ரேமோட வோல்டேஜ் இதைவிட அரை வோல்டுக்கு மேல தள்ளிப் போகக்கூடாதுன்னு ஓவர்கிளாக் பண்றவங்க மத்தியில ஒரு வாய்ப்பாடே உருவாச்சு. 1.15-ஓட 0.5-ஐக் கூட்டுங்க. 1.65. ஸ்டிக்கர்ல இருந்த அதே நம்பர். 1.5-ஓட பத்து சதவீதம் சேர்த்தாலும் அங்கதான் வந்து நிக்கும்.

இன்டெல் இந்த எல்லையைச் சொன்னதும் மதர்போர்டு கம்பெனிகளுக்கு வயித்துல புளி. ஏன்னா கடையில கெடக்கிற வேகமான டிடிஆர்3 பூரா 1.8-க்கும் 2.0-க்கும் நடுவுல. வாங்கறவன் கையில ஏற்கெனவே எக்ஸ்38, எக்ஸ்48 பொட்டியில போட்டிருந்த ரேம் இருக்கும். அதைக் கழட்டிப் புது போர்டுல மாட்டுவான். பள்ளம் தடுக்காது. ஏசுஸ் மாதிரி கம்பெனிகள் கண்டுபிடிச்ச வழிதான் ஸ்டிக்கர். ரேம் ஸ்லாட்டுகளுக்குக் குறுக்கால ஒட்டி அனுப்பிட்டாங்க. அதைப் பிய்க்காம ரேமை மாட்டவே முடியாது. பிய்க்கும்போதாவது படிப்பான்ல!

யோசிச்சுப் பாருங்க. 90-கள்ல பள்ளம் வெட்டிப் பண்ணின காவலை 2008-ல ஒரு துண்டுக் காகிதம் பண்ண வேண்டியதாப் போச்சு. என்னைக் கேட்டா அந்த ஸ்டிக்கர் ஒரு எச்சரிக்கை மட்டும் இல்லை. ரேம் கம்பெனி, மதர்போர்டு கம்பெனி, பிராசசர் கம்பெனி மூணு பேரும் தனித்தனியா நியாயம் பேசி, கடைசியில பொறுப்பை வாங்கறவன் தலையில இறக்கி வச்சதுக்கான ரசீது. ரேம் கம்பெனி 'எங்க பொருள் 2.0-ல நல்லா ஓடும்'னான். அது உண்மை. போர்டு கம்பெனி 'எங்க பயாஸ்ல 2.0 வைக்கலாம்'னான். அதுவும் உண்மை. இன்டெல் '1.65-க்கு மேல போகாதே'ன்னான். அதுவும் உண்மை. மூணு உண்மையும் ஒரே பொட்டிக்குள்ள சந்திச்சா கருகிறது 284 டாலர் பிராசசர் (ஐ7-920 அறிமுக விலை, மொத்தமா ஆயிரம் வாங்கினா). 965 எக்ஸ்ட்ரீமா இருந்தா 999 டாலர். விதிமுறைக்கு மேல வோல்டேஜ் வச்சா வாரண்டி கேள்விக்குறின்னு கம்பெனி கைகழுவிடும்.

ரேம் கம்பெனிகளும் சும்மா இருக்கலை. நெஹேலம் வந்த கையோட மூணு மூணு பட்டையா, 1.65 வோல்ட்னு பளிச்சுன்னு போட்ட புதுப் பெட்டிகள் வந்துடுச்சு. அதே 1600 வேகம். சிப் தயாரிப்பு முன்னேறினதும் கம்மி வோல்டேஜே போதும்னு ஆச்சு. 2011-ல அடுத்த பெரிய தலைமுறையான சாண்டி பிரிட்ஜ் வந்தப்ப, சாதாரண ஆளுக்குத் தேவையான வேகம் எல்லாம் 1.5-லயே கிடைச்சுது. 2010-லயே 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-லுக்கும் ஜெடெக் விதி போட்டுடுச்சு. 2.0 வோல்ட் டிடிஆர்3 ரெண்டே வருஷத்துல பழங்கதை. ஆனா வித்த பட்டைகள் எங்கேயும் போகலையே. பரண்ல, பையில, பழைய சாமான் கடையில உட்கார்ந்திருக்கு. லேபிள் உரிஞ்சுபோனா அது எத்தனை வோல்ட் ஆசாமின்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது.

கதை அதோட முடிஞ்சுதான்னா, இல்லை. 2015-ல ஸ்கைலேக் வந்தப்ப அதே பாட்டு மறுபடி. பிராசசர் டிடிஆர்4-ஐயும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல்-ஐயும் மட்டும்தான் ஏத்துக்கும்னு இன்டெல் சொல்லுச்சு. டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல்-லுக்கும் பள்ளம் ஒரே இடத்துல. பழைய 1.5 பட்டை அழகா உள்ளே போகும். சில போர்டு கம்பெனிகள் 'எங்க போர்டுல 1.5-உம் ஓடும், 1.65-உம் ஓடும்'னு விளம்பரமே பண்ணினாங்க.

டிடிஆர்5-ல இன்னும் வேடிக்கை. வோல்டேஜைச் சீர்பண்ற சிப்பையே மதர்போர்டுல இருந்து கழட்டி ரேம் பட்டை மேல வச்சுட்டாங்க. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான பட்டைக்கு போர்டு இப்ப வெறும் 5 வோல்டை அனுப்பும், அதைப் பட்டையே 1.1-ஆ இறக்கிக்கும். 4164 காலத்து 5 வோல்ட் சுத்தி வந்து மறுபடி ரேம் ஸ்லாட்டுக்கே வந்துடுச்சு பாருங்க. அந்தச் சீர்பண்ற சிப்புல பூட்டும் உண்டு. பூட்டின வகையில 1.435 வோல்டுக்கு மேல போகவே போகாது. மறுபடியும் இரும்புலயே ஒரு காவல், பள்ளம் மாதிரி. சந்தோஷம்.

ஆனா காவலை ஒரு வாசல்ல போட்டா திருடன் அடுத்த வாசல்ல வருவான். 2023 ஏப்ரல்ல ஏஎம்டியோட ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில பேர்கிட்ட கருகிப்போன படங்கள் வெளியாச்சு. ரேமை வேகமா ஓட்ட எக்ஸ்போங்கிற ஒரு வசதியை ஆன் பண்ணினா, போர்டு தானாவே பிராசசருக்குள்ள ரேமைக் கட்டுப்படுத்துற பகுதிக்குப் போற வோல்டேஜை ஏத்தி வச்சிருந்தது. சில போர்டுகள்ல அது தாராளமாவே ஏறியிருந்தது. அப்புறம் ஏஎம்டி தலையிட்டு அந்த வோல்டேஜுக்கு 1.3-னு பயாஸ்லயே கூரை போட்டுச்சு. ரேமோட வோல்டேஜ் இல்லை, ரேமுக்காக ஏத்தின வோல்டேஜ். ஆனா கதை அதேதான். மூணு கம்பெனி பொருள் சந்திக்கிற எல்லையில எந்த நம்பருக்கு யார் பொறுப்புங்கறது தெளிவா இல்லைன்னா, பாதிக்கப்படுறது ஒரு பட்டனை அழுத்தினதைத் தவிர வேற ஒண்ணும் பண்ணாதவன்.

சரி, சித்தப்பா பொட்டிக்கு வருவோம்.

இங்க ஒரு நல்ல சேதி இருக்கு. ஒவ்வொரு ரேம் பட்டையிலயும் ஓரத்துல ஒரு குட்டி நினைவகம் உண்டு. எஸ்பிடின்னு பேரு. போர்டு முதல்ல அதைப் படிச்சுட்டுதான் மத்த வேலை. அதுல முதல் பாதியில இருக்கிறது ஜெடெக் சொன்ன பத்திரமான கணக்கு. வேகமான ரேமா இருந்தா பின்பாதியில கம்பெனி எழுதி வச்ச ஓவர்கிளாக் கணக்கு, இன்டெல் 2007-ல கொண்டுவந்த எக்ஸ்எம்பி. ஒரே குழந்தைக்கு ரெண்டு ஜாதகம். ஒண்ணுல 1066 வேகம், 1.5 வோல்ட். இன்னொண்ணுல 1800 வேகம், 2.0 வோல்ட். லேபிள்ல ஒட்டியிருந்தது ரெண்டாவது ஜாதகம். ஆனா போர்டு யாரும் எதையும் சொல்லாத வரைக்கும் முதல் ஜாதகத்தை வச்சுதான் ஓட்டும்.

ஆக, மாட்டினேன். முதல்ல ஒரே ஒரு பட்டை. சித்தப்பா பக்கத்துல நின்னு சாமி கும்பிட்டுக்கிட்டே ஸ்விட்சைப் போட்டாரு. பயாஸ் வந்துச்சு. உள்ளே போய்ப் பார்த்தேன், ரேம் 1066, வோல்டேஜ் 1.5. அப்பாடா. அதுக்குக் கீழேயே எக்ஸ்எம்பின்னு ஒரு வரி, பக்கத்துல 1800-னு ஆசை காட்டுது. ஒரே ஒரு எண்டர் தட்டினா போதும். போர்டு ரெண்டாவது ஜாதகத்தை எடுத்து நேரா 2.0-வை வச்சிருக்கும், ஸ்டிக்கரை எல்லாம் அதுக்குப் படிக்கத் தெரியாது. அந்த வரியில கர்சரை வச்சுட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்னு ஒத்துக்கறேன் :-)

தட்டலை. அப்புறம் தேடிப் பார்த்தப்ப இன்னொரு விஷயம் தெரிஞ்சுது. ஐ7-920-க்கு இன்டெல் அதிகாரபூர்வமா சொன்ன ரேம் வேகமே 800, 1066 மட்டும்தான். அந்த 1800 அந்தப் பிராசசருக்கு யாருமே வாக்கு குடுக்காத நம்பர். ரெண்டு பட்டையையும் போட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். காலையில ஒரு பிழைகூட இல்லை.

பழைய பொட்டிக்கு ரேம் தேடுற மக்கள் யாராவது இருந்தீங்கன்னா, நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான். லேபிள்ல இருக்கிற வோல்டேஜ் ரேமோட ஆசை. போர்டு மேனுவல்ல இருக்கிறது அது குடுக்கக்கூடிய அளவு. பிராசசர் விவரப் பக்கத்துல இருக்கிறது உயிர் எல்லை. மூணையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு, கடைசியா சொன்னதை மட்டும் கேளுங்க. அது தெரியலைன்னா ஓவர்கிளாக் கணக்கு பக்கமே போகாம, போர்டு தானா எடுத்துக்கிற வேகத்துலயே விட்டுடுங்க. பள்ளம் பொருந்துதுன்னா தலைமுறை சரின்னு மட்டும்தான் அர்த்தம். வோல்டேஜ் சரின்னு அது எங்கேயும் சொல்லலை.

ஊருக்குக் கிளம்பும்போது கேபினெட் கதவை மூடப் போனேன். ஸ்டிக்கரோட ஒரு முனை காய்ஞ்சு உரிஞ்சு தொங்கிக்கிட்டிருந்தது. சித்தப்பா உள்ளே போய் செலோடேப் எடுத்துட்டு வந்து நாலு பக்கமும் ஒட்டினாரு. "இருக்கட்டும்டா, அடுத்து எவனாவது இதைத் திறப்பான்ல."